ஒரே வயிறு, ஒரே புகை

என் அண்ணன் என்னை ஹெல்மெட்டால் அடித்தபோது அவன் வாயில் சிகரெட் புகைந்துகொண்டிருந்தது. அடித்து முடிக்கும்வரை அது கீழே விழவில்லை.

நாங்கள் இரட்டைப் பிள்ளைகள். அவன் சற்று முன்னால் பிறந்துவிட்டதால் அண்ணன், நான் தங்கச்சி. அப்போது எங்களுக்கு இருபது வயது கடந்திருந்தது. ஜொகூர் பாரு பக்கத்தில் மாசாயில் அடுக்குமாடி வீட்டில் அம்மாவோடு இருந்தோம். அவன் பாசிர் கூடாங்கில் கப்பல் பட்டறையில் வெல்டிங் வேலை. நான் அதே பக்கம் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில். ஷிப்ட் வேலையில் கண் சொருகாமல் இருக்க, கூட வேலை செய்த பெண்கள் கேண்டீன் பின்புறம் நின்று சிகரெட் பிடிப்பார்கள். எனக்கும் ஒன்று நீட்டினார்கள். இருமலோடு ஆரம்பித்து, அந்த வருஷம் முடிவதற்குள் சொந்தமாகப் பெட்டி வாங்கும் அளவுக்கு வந்துவிட்டேன்.

ஒருநாள் மதியம் ஷிப்ட் முடிந்து பஸ் நிற்கும் இடத்தில் புகைத்துக்கொண்டிருந்தேன். என்னை அழைத்துப்போக வந்த அண்ணன் பார்த்துவிட்டான். ஏறு என்று தலையை ஆட்டினான். வீட்டுக்குக் கீழே, மோட்டார் சைக்கிள்கள் நிறுத்தும் இடத்தில் வண்டியை நிறுத்தி, தானும் ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தான். பிறகு ஹெல்மெட்டைக் கழற்றி, அதன் வாரைப் பிடித்துச் சுழற்றி என் தோளில் போட்டான்.

"பொட்டச்சி, ரொக்கோ புடிக்கிறியா நீ?"

நான் குனிந்தேன். அடுத்த அடி இடது விலாவுக்குக் கீழே இறங்கியது. அதே இடத்தில் இன்னொன்று. சிமெண்ட் தரையில் சுருண்டு விழுந்தேன். அவன் பூட்ஸ் காலால் அதே பக்கம் உதைத்தான். அவன் குனிந்தபோது சாம்பல் என் கழுத்தில் விழுந்து சுட்டது. மேல்மாடித் தாழ்வாரங்களில் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒருவரும் இறங்கி வரவில்லை.

அன்று மாலை என் சிறுநீர் பால் கலக்காத காப்பி ஓ நிறத்தில் போனது. அம்மாதான் கிளினிக்குக்குக் கூட்டிப்போனார். எப்படி அடிபட்டது என்று டாக்டர் என்னைப் பார்த்துத்தான் கேட்டார். அம்மா முந்திக்கொண்டார்.

"மோட்டர்ல இருந்து விழுந்துட்டா டாக்டர்."

நான் மறுக்கவில்லை. மறுத்தால் வீட்டில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும்.

அந்த அடிக்குப் பிறகும் நான் புகைப்பதை விடவில்லை. அவனும் விடவில்லை. வருஷக்கணக்காக இரண்டு பேரும் ஏறக்குறைய ஒரே அளவு புகைத்தோம். அவன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நான் கழிவறைச் சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு. கடையில் வரி கட்டாமல் வரும் மலிவுச் சரக்கைத்தான் இருவரும் வாங்கினோம். வீட்டில் அது தீர்ந்துபோனால் அவன் பெட்டியிலிருந்து நான் திருடியிருக்கிறேன். சந்தேகம் வந்த நாட்களில் என் தலைமுடியைப் பிடித்து முகர்ந்து பார்ப்பான். வாசம் இருந்தால் அறை விழும்.

பிறகு அவனுக்குக் கல்யாணம் ஆனது. அண்ணி சிகாமட் பக்கத்துப் பெண், அமைதியானவர். ஒரு தரைவீட்டை வாடகைக்கு எடுத்து அம்மாவையும் அழைத்துக்கொண்டு அவன் போய்விட்டான். எனக்கு விழுந்த அடியெல்லாம் இடம் மாறி அண்ணிக்குப் போனது. குழம்பில் உப்பு கூடினால் அடி, போனை எடுக்கத் தாமதித்தால் அடி. ஒரு தீபாவளிக்கு நான் போயிருந்தபோது அண்ணி வாயை மூடிக்கொண்டே சிரித்தார். முன்பல் பாதி உடைந்திருந்தது. "பாத்ரூம்ல வழுக்கிட்டேன்" என்றார். நான் எதுவும் கேட்காமலே சொன்னார்.

நாற்பதைத் தாண்டியதும் அவனுக்குக் கால் வீங்க ஆரம்பித்தது. ரத்தக் கொதிப்பு இருப்பது முன்பே தெரியும். மாத்திரை போட்டால் ஆண்மை போய்விடும் என்று யாரோ பட்டறையில் சொன்னதை நம்பி, கொடுத்த மாத்திரையை எல்லாம் சாக்கடையில் கொட்டியிருந்தான். ஒருநாள் வேலை இடத்தில் வாந்தி எடுத்து விழுந்தான். ஜொகூர் பாரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை என்றார்கள்.

டயலிசிஸுக்காக அவன் இடது முன்கையில் இரண்டு ரத்தக் குழாய்களைச் சேர்த்துத் தைத்தார்கள். அந்த இடத்தை ஃபிஸ்டுலா என்பார்கள். சில மாதங்களில் தோலுக்குக் கீழே கயிறு போலப் புடைத்துக்கொண்டது. விரல் வைத்தால் உள்ளே ரத்தம் இரைந்து ஓடுவது தெரியும். என்னிடம் சின்னக் கார் ஒன்று இருந்ததால், டயலிசிஸ் சென்டருக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவரும் வேலை என்மேல் விழுந்தது.

அங்கே ஒரு காலையில் அவனுக்குச் சிகரெட் வெறி வந்துவிட்டது. மெஷினை நிறுத்தச் சொன்னான். இன்னும் நேரம் இருக்கிறது என்று மிஸ்ஸி சொன்னார். நர்ஸை எங்கள் ஊரில் மிஸ்ஸி என்றுதான் சொல்வோம். அவன் அவரைக் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டே கையில் இருந்த பிளாஸ்திரியையும் ஊசியையும் ஒன்றாகப் பிடுங்கி எறிந்தான். ரத்தம் குழாய்த் தண்ணீர் போலப் பீய்ச்சியது. பக்கத்துப் படுக்கை மலாய்க்காரப் பெரியவரின் முகத்தில் தெறித்தது. மிஸ்ஸி பாய்ந்துவந்து ஓட்டையின் மேல் கட்டைவிரலை அழுத்தினார். என்னையும் கூப்பிட்டு, அவர் விரல் இருந்த இடத்தில் என் விரலை வைக்கச் சொன்னார்.

"நல்லா அமுக்குங்க அக்கா, விடாதீங்க. இதுல விட்டா கொஞ்ச நேரத்துல ஆளே போயிடும்."

அண்ணன் அப்போதும் என்னை முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். இன்னொரு முறை இப்படிச் செய்தால் போலீஸைக் கூப்பிடுவோம் என்று சென்டரில் எச்சரித்தார்கள். வெளியே வந்து காரில் ஏறுவதற்கு முன் அவன் செய்த முதல் காரியம் ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தது.

அதன்பிறகுதான் அம்மா என் வீட்டுக்கு வந்தார்.

"உன் கிட்னியில ஒண்ணு குடுடி. ஒரே வயித்துல ஒண்ணா கிடந்தவங்க நீங்க. உன்னோடது அவனுக்குச் சேரும்."

நான் யோசிக்க நேரம் கேட்டேன். அம்மா என் வீட்டுத் தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார். நெற்றி புடைக்கும்வரை நிறுத்தவில்லை. கடைசியில் சரி என்றேன். அவன் மேல் அன்பு என்று சொன்னால் பொய். பிறக்கும் முன்பிருந்தே கூட இருந்தவன் சாகக் கிடக்கிறான், என்னிடம் இரண்டு இருக்கிறது, அவ்வளவுதான் என் மனசில் ஓடியது.

கொடுக்க வேண்டுமென்றால் முதலில் சிகரெட்டை விட வேண்டும் என்றார் சிறுநீரக டாக்டர். என்னைவிட வயதில் சிறிய தமிழ்ப் பெண். விட்டேன். விட்ட நாட்கள் கொடுமையானவை. உதட்டைக் கடித்துக் கடித்துப் புண்ணாக்கிக்கொண்டேன். தொழிற்சாலையில் என் லைனில் வேலை செய்த பெண் ஒருத்தி மெதுவாக டிரேயை எடுத்தாள் என்பதற்காகக் கையை ஓங்கிவிட்டேன். ஓங்கிய கையைப் பார்த்தபோது அது அண்ணனின் கை போலவே இருந்தது. அப்படியே கீழே இறக்கினேன்.

ரத்தம், சிறுநீர், ஸ்கேன் என்று பரிசோதனைகள் நடந்தன. முடிவு சொல்ல டாக்டர் எங்கள் இருவரையும் ஒன்றாகக் கூப்பிட்டார். அது அண்ணன் கேட்டுக்கொண்டது.

"உங்க தங்கச்சி கிட்னி ரெண்டும் நல்லா வேலை செய்யுது. சிறுநீர்ல புரதம் இல்ல. இத்தனை வருஷம் புகைச்சவங்களுக்கு இது நல்ல செய்திதான்."

அண்ணன் நாற்காலியில் முன்னால் நகர்ந்தான்.

"எப்படி டாக்டர்? நாங்க ரெட்டை. நான் புடிச்ச அளவு அவளும் புடிச்சா. அதே சிகரெட்டு. எனக்கு மட்டும் ஏன் போச்சு?"

டாக்டர் அவன் பக்கம் திரும்பினார்.

"ஆணும் பெண்ணுமா பொறந்த ரெட்டைங்க சாதாரண அண்ணன் தங்கச்சி மாதிரிதான். உடம்பு ஒண்ணு கிடையாது. சிகரெட் புகை கிட்னில இருக்குற சின்னச் சின்ன ரத்தக் குழாயை இறுக்கும், கெடுக்கும். ஆம்பளைங்களுக்கு அந்தப் பாதிப்பு சீக்கிரமா, அதிகமா வர்ற மாதிரி சில ஆராய்ச்சியில தெரியுது. பொம்பளைங்களுக்கு மாதவிடாய் நிக்கிற வரைக்கும் அவங்க ஹார்மோன் கொஞ்சம் காப்பாத்துதுன்னு ஒரு கருத்து இருக்கு. ஆனா எல்லா இடத்திலயும் ஒரே பதில் வரல. முடிவா யாரும் சொல்ல முடியாது. உங்களுக்குக் கொதிப்பும் இருந்துச்சு, மாத்திரை போடல. எல்லாம் சேர்ந்துதான்."

பிறகு என்னைப் பார்த்தார்.

"இதை லைசன்ஸ்னு நினைச்சுக்காதீங்க அக்கா. பொம்பளை கிட்னிக்கு ஒண்ணும் ஆகாதுன்னு அர்த்தம் இல்ல. மாதவிடாய் நின்ன பிறகு என்ன ஆகும்னு தெரியாது. நுரையீரலும் இதயமும் ஆம்பளை பொம்பளைன்னு கணக்குப் பார்க்காது."

நான் தலையாட்டினேன். அண்ணன் என் வயிற்றுப் பக்கமாக வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியாக டாக்டர் ஸ்கேன் படத்தை ஒளியில் காட்டினார். இடது சிறுநீரகத்தில் ஒரு பழைய தழும்பு இருப்பதாகவும், எப்போதாவது பலமாக அடிபட்டதா என்றும் கேட்டார்.

"மோட்டர்ல இருந்து விழுந்தேன்" என்றேன். அம்மாவின் பொய் அத்தனை வருஷம் கழித்து என் வாயிலிருந்து தானாக வந்தது.

"பரவாயில்ல, அதுவும் வேலை செய்யுது. இன்னும் சில டெஸ்ட் எடுக்கணும். எல்லாம் சரியா வந்தா அதைத்தான் எடுப்போம். நல்லா இருக்கறதைக் குடுக்கறவங்ககிட்டயே விடறதுதான் முறை."

அண்ணனின் தாடை இறுகுவதைப் பார்த்தேன்.

அவனை அவன் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். கூடத்தில் அம்மா அப்போதுதான் மதியச் சாப்பாட்டை முடித்திருந்தார். அண்ணி சமையலறையில் இருந்தார். கண்ணாடி மேசையின் மேல் சாம்பல் கிண்ணம் நிரம்பி வழிந்தது. அண்ணன் செருப்பைக்கூடக் கழற்றாமல் என் முன்னால் வந்து நின்றான்.

"கெட்டுப்போனதை எனக்குத் தள்ளிவிடப் பாக்குறியா?"

"டாக்டர்தான் சொன்னாங்க. நான் கேக்கல."

"நல்லதை நீ வெச்சுக்குவ. அடிபட்டதை எனக்குப் போடுவ. அப்படித்தானே?"

அதுவரை ஒருமுறைகூட நான் அவனை எதிர்த்துப் பேசியதில்லை. அன்று பேசினேன்.

"அடிபடல அண்ணே. நீ அடிச்ச. ஹெல்மெட்டால. அந்தத் தழும்பு நீ போட்டது."

சாம்பல் கிண்ணம் என் காதை உரசிக்கொண்டு போய்ச் சுவரில் உடைந்தது. அடுத்த கணம் அவன் இரண்டு கைகளும் என் கழுத்தில் இருந்தன. நோயாளி என்று நினைத்திருந்தேன். ஆனால் பிடியில் பழைய பலம் அப்படியே இருந்தது. என்னைச் சுவரில் சாத்தி, தலையைத் திரும்பத் திரும்ப மோதினான். அவன் வாயின் புகை நாற்றம் என் முகத்தில் அடித்தது. "பொட்டச்சிக்கு ஒண்ணும் ஆகலையாம்" என்று சொல்லிக்கொண்டே இறுக்கினான். "உனக்கு ஒண்ணும் ஆகலையாம், உனக்கு ஒண்ணும் ஆகலையாம்." கண் இருட்டியது. அம்மா "விடுடா, விடுடா" என்று கத்துவது எங்கோ தூரத்தில் கேட்டது.

பிடி திடீரென்று விட்டது. அண்ணி சமையலறையிலிருந்து ஓடிவந்த வேகத்தில் இரண்டு கைகளாலும் அவனைப் பக்கவாட்டில் தள்ளியிருந்தார். அவன் தடுமாறிக் கண்ணாடி மேசையின் மேல் விழுந்தான். மேசை நொறுங்கியது. எழுந்திருக்கக் கையை ஊன்றினான். ஊன்றியது இடது கை. புடைத்துக்கொண்டிருந்த அந்த இடத்தில் கண்ணாடித் துண்டு நீளமாகக் கிழித்தது.

ரத்தம் கூரைவரை போனது. பொய்யில்லை, மின்விசிறியின் இறக்கையில் பட்டு அறை முழுக்கத் தெளித்தது. அவன் தன் கையைப் பார்த்தான். கோபம் எல்லாம் வடிந்து, அந்த முகத்தில் குழப்பம் மட்டும்தான் இருந்தது. அம்மா அசையவில்லை. அண்ணி சுவரோரமாகக் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"அண்ணி, துணி எடுங்க" என்றேன். குரல் வரவில்லை, காற்றுதான் வந்தது.

"இருக்கட்டும்" என்றார் அண்ணி. உரக்கக்கூடச் சொல்லவில்லை. "விட்டுருங்க. கொஞ்ச நேரம்தானே."

நான் தவழ்ந்துபோய் அவன் கையைப் பிடித்தேன். கிழிந்த இடத்தைத் தேடி இரண்டு கட்டைவிரலையும் அழுத்தினேன். கண்ணாடி என் உள்ளங்கையிலும் குத்தியது. ரத்தம் வழுக்கியது. உடம்பு எடை முழுவதையும் போட்டு அழுத்தினேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று பிற்பாடு பலர் கேட்டார்கள். எனக்கு இன்றும் பதில் தெரியாது. மிஸ்ஸி சொல்லிக்கொடுத்ததைக் கை செய்தது. அண்ணி நெடுநேரம் நின்றது போலத் தோன்றியது. அப்புறம்தான் போனை எடுத்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார்.

அவன் பிழைத்துக்கொண்டான். அண்ணி நேராகப் பாலாய் என்கிற போலீஸ் நிலையத்துக்குப் போய் "நான்தான் தள்ளினேன்" என்று சொல்லிவிட்டார். நானும் பின்னாலேயே போய் என் கழுத்தைக் காட்டினேன். விரல் தடங்கள் ஊதா நிறத்தில் தெளிவாக இருந்தன. அண்ணியின் மேல் வழக்கு வரவில்லை. அவன் பக்கத்தில் வரக்கூடாது என்று அண்ணிக்குப் பாதுகாப்பு உத்தரவு கிடைத்தது. அண்ணி ஒரு துணிப்பையோடு சிகாமட்டுக்குப் பஸ் ஏறினார். ஏறுவதற்கு முன், "நான் நின்னதை யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்றார். "நீங்க போன் பண்ணதைத்தான் சொல்வேன்" என்றேன். இப்போது இரண்டையும் எழுதிவிட்டேன். அவரிடம் கேட்டுத்தான் எழுதினேன்.

அடுத்த முறை டாக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். கழுத்தைப் பார்த்ததும் கதவைச் சாத்தினார்.

"அக்கா, உங்களை யாராவது வற்புறுத்துறாங்களா?"

ஹெல்மெட்டிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"குடுக்க இஷ்டம் இல்லன்னா அதோட முடிஞ்சுது. காரணம் சொல்லணும்னு அவசியம் இல்ல. நீங்க இதுக்குப் பொருத்தம் இல்லன்னு மட்டும்தான் குடும்பத்துக்குச் சொல்வோம்."

"இல்ல டாக்டர். எனக்கு இஷ்டம் இல்லன்னே சொல்லுங்க" என்றேன்.

அப்படியே சொன்னார்கள். அம்மா என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார்.

அண்ணன் அதன்பிறகும் சில வருஷங்கள் டயலிசிஸில் இருந்தான். வலது கையில் புதிதாக ஃபிஸ்டுலா வைத்துத் தைத்தார்கள். அவனைக் கூட்டிப்போக சென்டரின் வேனே வந்தது. புகைப்பதை அவன் கடைசிவரை விடவில்லை. ஒருநாள் காலை சென்டருக்குக் கிளம்பும்போது வாசல் நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டான். இதயம் நின்றுவிட்டது என்றார்கள்.

சுடுகாட்டுக்கு நானும் போனேன். அண்ணி வரவில்லை, வர வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. பெட்டி தகன அடுப்புக்குள் போய்க் கதவு மூடியதும் அம்மா நேராக என்னிடம் வந்தார். சொந்தக்காரர்கள், பட்டறை ஆட்கள் எல்லாரும் பார்க்க என் கன்னத்தில் அறைந்தார். இரண்டாவது முறை ஓங்கியபோது நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். ஒல்லியாக, எலும்பாக இருந்தது. விடுவித்துக்கொள்ள இழுத்தார், முடியவில்லை.

"நீ குடுத்திருந்தா இருந்திருப்பான்" என்றார்.

"இருந்திருப்பான்மா" என்றேன். "என்னையும் கொன்னிருப்பான்."

நான் கையை விட்டேன். கூட்டம் கலைந்தது. சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகக் கார் எடுத்துப் போனார்கள். அந்த வாடகை வீட்டில் இனி அம்மா தனியாக இருக்க முடியாது. அழைத்துப்போக வேறு ஆளும் இல்லை. நான் கார் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். வெயிலில் சற்று நேரம் நின்றுவிட்டு அம்மா வந்து ஏறினார், பின் சீட்டில்.

மாசாய்க்குள் நுழையும் சிக்னலில் பின்னாலிருந்து குரல் வந்தது.

"காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடல."

தீட்டு கழியாமல் கடையில் சாப்பிடுகிறவர் அல்ல அம்மா. அதனால் அவர் என் வீட்டுக்கு வருகிறார் என்பது எனக்கு அப்போதுதான் உறுதியாகத் தெரிந்தது. குளித்துவிட்டு ரசமும் சோறும் வைத்தேன். கன்னம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அம்மா இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.